சேலையூரில் வாங்கிய யூனிகார்ன்: தினம் 48 கிலோமீட்டருக்காக ஒரு பழைய வண்டியை மாற்றியது

மேற்குத் தாம்பரத்தில் வீடு, ஒரகடத்தில் வேலை. முடிச்சூர், மண்ணிவாக்கம், படப்பை என்று போனால் ஆலை வாசல் வரை 24 கிலோமீட்டர். திரும்பி வர இன்னொரு 24. பல வருஷம் கம்பெனி பஸ்ஸில்தான் போய்வந்தேன். 2024 தொடக்கத்தில் இரண்டாம் ஷிப்ட்டின் நேரம் மாறியது. அடுத்த ஆளிடம் வேலையை ஒப்படைத்துவிட்டு வெளியே வருவதற்குள் பஸ் கிளம்பிவிடும். இரவு பதினொன்றரைக்கு வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டு நிற்பது எனக்குச் சரிப்படவில்லை. புது 150 சிசி பைக், பதிவு இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து அப்போது ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டியது. என் கையில் இருந்தது 60,000. அதில் வண்டி, பேப்பர், வேலை எல்லாம் முடிய வேண்டும் என்று முடிவுகட்டிக்கொண்டு தேட ஆரம்பித்தேன்.

ஹோண்டா யூனிகார்ன்தான் வேண்டும் என்று முன்பே மனசில் இருந்தது. 2004-இல் வந்த வண்டி, 149.1 சிசி, பின்னால் ஒற்றை ஷாக் அப்சார்பர். எங்கள் ஆலை பார்க்கிங்கில் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிய யூனிகார்ன்கள் வரிசையாக நிற்கும். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே சீராகப் போகக்கூடிய, ஏறக்குறைய 146 கிலோ எடையுள்ள வண்டி எனக்குப் போதும். 100 சிசி வண்டிகள் பெட்ரோலை இதைவிடக் குறைவாகக் குடிக்கும், உண்மைதான். ஆனால் படப்பை தாண்டியதும் பக்கத்தில் ஒரு ட்ரெய்லர் கடக்கும்போது அடிக்கும் காற்றில் லேசான வண்டி ஆடும். தினம் இரண்டு வேளை அந்த ஆட்டம் வேண்டாம்.

வேண்டாம் என்று விட்ட இரண்டு

முதலில் பார்த்தது மெயின் ரோட்டில் பழைய வண்டி விற்கும் ஒரு கடையில். 2016 மாடல், மீட்டரில் 18,000 கிலோமீட்டர். பாலிஷ் போட்டுப் பளபளவென்று நின்றது. குனிந்து கால் வைக்கும் ரப்பரைப் பார்த்தேன். தேய்ந்து உள்ளே இரும்பு தெரிந்தது. கியர் லிவர் ரப்பர் கூழாங்கல் போல வழவழப்பாக இருந்தது. 18,000 கிலோமீட்டரில் அப்படித் தேயாது. முள் மீட்டரைத் திருப்பி வைக்கலாம்; ரப்பரைத் திருப்பி வைக்க முடியாது. ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

இரண்டாவது வண்டி உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஆர்சியை, அதாவது பதிவுச் சான்றை, அரசின் பரிவாகன் தளத்தில் போட்டுப் பார்த்தபோது கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் அப்படியே இருந்தது. விற்பவர், "கடன் எப்பவோ கட்டியாச்சு சார், பேரு மட்டும்தான் எடுக்கல" என்றார். பொய்யாக இருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தப் பெயரை நீக்க நிறுவனத்தின் கடிதமும் கையெழுத்திட்ட படிவம் 35-உம் வேண்டும். அதை அவர் வாங்கி வரட்டும், பிறகு அட்வான்ஸ் தருகிறேன் என்றேன். மூன்று வாரம் ஆகியும் வரவில்லை. கடனுக்கு ஈடாக இருக்கும் வண்டிக்குப் பணம் கொடுத்துவிட்டு அலைவதைவிட, நல்ல வண்டி ஒன்றைக் கைவிடுவது மேல்.

சேலையூர் வண்டி

2013 செப்டம்பரில் பதிவான வண்டி. ஒரே ஓனர், மீட்டரில் 61,000. விற்றவர் ஓய்வுபெற்ற ஒரு அப்பா. "பையன் பெங்களூருல வேலைக்குப் போயிட்டான் சார். எட்டு மாசமா நிக்குது. வாரம் ஒரு தடவை நான் ஸ்டார்ட் பண்ணி வெப்பேன், அவ்வளவுதான்" என்றார்.

காலேஜ் படிக்கும்போது மகன் வண்டியைத் தன் ஆசைப்படி மாற்றியிருந்தான். உறுமும் சைலன்சர், தாழ்ந்த குட்டை ஹேண்டில், வெட்டிய பின் மட்கார்டு, அதன் அடியில் மடக்கிவைத்த நம்பர் பிளேட், பின்னால் 120 அகல டயர், நீல எல்இடி பட்டை, மணிக்கட்டு அகலத்தில் ஒரு கண்ணாடி, மேலே முழுக்க மங்கல் கறுப்பு ஸ்டிக்கர். செயின் கவர் இல்லை. ஏர் ஃபில்டர் பெட்டி இருந்த இடத்தில் கூம்பு வடிவத் திறந்த ஃபில்டர். இந்த மாற்றங்களால்தான் எட்டு மாதமாக யாரும் வாங்கவில்லை. குடும்பஸ்தருக்கும் வயதானவருக்கும் பிடிக்காது. காலேஜ் பையன்களுக்கு 150 சிசி யூனிகார்ன் போதாது.

ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருங்கள் என்று முன்பே சொல்லி, காலை ஆறரைக்குப் போனேன். இன்ஜின் மேல் உள்ளங்கையை வைத்தேன், சில்லென்று இருந்தது. சூடாக இருக்கும் இன்ஜின் பல குறைகளை மறைத்துவிடும். சோக் இழுத்து நாலாவது கிக்கில் எடுத்தது. முதல் பத்து நொடி லேசாக நீலம் கலந்த புகை வந்து நின்றுவிட்டது. ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது வரவில்லை. அப்படியானால் பிஸ்டன் ரிங் தப்பித்திருக்கிறது. வால்வு சீல் வழியாக ராத்திரி முழுக்கச் சொட்டிய எண்ணெய்தான் எரிகிறது. தொடர்ந்து நீலமாக வந்திருந்தால் சிலிண்டரைக் குடையும் ரீபோர் செலவு என்று விலகியிருப்பேன்.

சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி முன் சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை இரண்டு விரலால் மெல்லத் திருப்பினேன். நேராக வரும் இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்ததுபோல் நின்றது. கோன் செட், அதாவது ஹேண்டில் கழுத்துக்குள் இருக்கும் பேரிங், போய்விட்டது. பின் சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் அசைவு இல்லை. பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் நன்றாக இருக்கிறது. முன் சக்கரத்தின் இடது ஃபோர்க்கில் விரலை ஓட்டினால் எண்ணெய்ப் பிசுக்கு. டிப் ஸ்டிக்கில் எண்ணெய் கறுப்பு. ஆனால் மோர் நிறம் இல்லை, தண்ணீர் கலக்கவில்லை.

எனக்கு மிக முக்கியமானது சேஸ், வண்டியின் எலும்புக்கூடு. காலேஜ் பையன் ஓட்டிய வண்டி, எங்காவது முட்டியிருக்கலாம். நைலான் நூலைப் பின் டயரைச் சுற்றிக் கட்டி இரண்டு பக்கமும் முன் டயர் வரை இழுத்துப் பிடித்தேன். அந்த அப்பா மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். முன் டயருக்கும் நூலுக்கும் இடைவெளி இரு பக்கமும் ஒன்றுபோல இருந்தது. ஹேண்டில் கழுத்துப் பகுதியில் வெல்டிங் தடயமோ பெயின்ட் விரிசலோ இல்லை. சேஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டையும் துணியால் துடைத்து ஆர்சியோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். இன்ஜின், சேஸ், பேப்பர் மூன்றும் சுத்தம். மற்றதெல்லாம் போல்ட்டில் மாட்டிய சாமான், கழற்றலாம்.

45,000 கேட்டார். மகன் வாங்கிய சைலன்சர், ஃபில்டர், டயர் ரசீதுகளை எடுத்துக் காட்டினார்; இருபதாயிரம் வரை இருக்கும். "ஐயா, இதெல்லாம் நான் கழற்றப்போறது. எனக்கு இது செலவு" என்று ஒவ்வொன்றையும் காட்டி விளக்கினேன். அவருக்கு வருத்தம்தான். 36,500-க்கு முடிந்தது.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: கழற்றிய ஒரிஜினல் சாமான்கள் எங்கே என்று கேளுங்கள். இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு அது தோன்றியது. போன் செய்ததும் அவர் பரண் ஏறிப் பார்த்து, ஒரிஜினல் கண்ணாடி இரண்டும் முழு செயின் கவரும் சாக்கில் கட்டியபடி இருப்பதாகச் சொன்னார். காசு வாங்கவில்லை.

பேப்பர்

அபராத நிலுவை இருக்கிறதா என்று முதலில் பார்த்தோம். இரண்டு இருந்தன, அவரே கட்டினார். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து. விற்பவர் 14 நாளுக்குள், வாங்குபவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அதற்குள் எப்படியும் ஆகிவிடும் என்று விட்டுவைக்காமல் அந்த வாரமே இருவரும் சேர்ந்து போனோம். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து வழக்கில் உரிமையாளர். அவருக்கும் அந்தக் கவலை இருந்தது. இருக்க வேண்டிய கவலைதான். வண்டியைக் கையில் வாங்கிய தேதியையும் நேரத்தையும் எழுதி இருவரும் ஒரு தாளில் கையெழுத்திட்டுக்கொண்டோம்.

இன்சூரன்ஸ் காலாவதியாகியிருந்தது. 75 சிசிக்கு மேல் 150 சிசி வரையுள்ள வண்டிக்கு மூன்றாம் தரப்பு பிரீமியம் அப்போது ஆண்டுக்கு 714 ரூபாய், வரி தனி. 150-ஐத் தாண்டினால் 1,366. இந்த யூனிகார்ன் 149.1 என்பதால் கீழ் வரிசையில் நின்றது. ஓட்டுபவருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பு, புகைச் சான்று, பெயர் மாற்றம் எல்லாம் சேர்த்து 2,300 ஆனது.

இன்னொரு கணக்கும் போட்டேன். ஆர்சி பதிவு நாளிலிருந்து 15 வருஷம் செல்லும். இந்த வண்டிக்கு அது 2028 செப்டம்பர். அதன்பின் எஃப்சி, அதாவது தகுதிச் சான்று, காட்டிப் புதுப்பிக்க வேண்டும். கையில் நாலு வருஷம் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அதில் எவ்வளவு செலவழிக்கலாம் என்பதே தெளிவானது.

முதல் வாரம்

முடிச்சூர் பக்கம் எங்கள் மெக்கானிக் அண்ணன் முப்பது வருஷமாகக் கடை வைத்திருக்கிறார். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். எனக்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட ஆசை. டேங்க்குக்கு ஸ்டிக்கர், அலங்கார இண்டிகேட்டர், யுஎஸ்பி சார்ஜர் என்று பட்டியலே வைத்திருந்தேன்.

"தம்பி, பிரேக்கு, டயரு, கோன் செட்டு, கேபிளு. இத இப்பவே பண்ணிடுவோம், உயிர் சமாச்சாரம். மத்தத ஒரு மாசம் ஓட்டிட்டு வந்து சொல்லு. என்ன மாத்தணும்னு உனக்கே இன்னும் தெரியல. இப்ப பண்ணா பாதி வீண்" என்றார்.

அவர் சொன்னதைக் கேட்டது நல்லதாகப் போயிற்று. பின் டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம்: 0918. 2018-இன் ஒன்பதாவது வாரம் செய்தது. பட்டன், அதாவது டயரின் மேடு பள்ளம், பாதிக்கு மேல் இருந்தது. ஆனால் நகத்தால் அழுத்தினால் இறங்கவில்லை, ரப்பர் மரமாகியிருந்தது. அதோடு அந்த 120 அகல டயர், வண்டியின் குறுகிய ரிம்மில் இரு பக்கமும் நெருக்கப்பட்டு நடுவில் புடைத்து உட்கார்ந்திருந்தது. வளைவில் வண்டி முதலில் சாய மறுத்து, பிறகு திடீரென்று விழுந்ததற்கு அதுதான் காரணம். ஒரிஜினல் அளவுக்கே போனேன்: முன்னால் 2.75–18, பின்னால் 100/90–18. கடையில் கொடுத்த டயரிலும் தேதியைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

பிரேக் ஆயில் டீ நிறத்தில் இருந்தது. அந்த எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சூடு ஏறும்போது அந்த ஈரம் ஆவியாகி, லிவர் பஞ்சுபோல் அமுங்கும். பேட், பின் பிரேக் ஷூ, எண்ணெய் மூன்றும் புதிதாகப் போட்டோம். இந்த பிரேக் வேலைக்கு முன்னும் பின்னும் ஒரு ஞாயிறு அதிகாலை, ஆள் இல்லாத உள் சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்தி டேப்பால் அளந்தேன். முன்பு 23 மீட்டர், பின்பு 16. வித்தியாசம் ஏழு மீட்டர். ஒரு லாரியின் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவு. இந்த மொத்த வேலையிலும் எனக்கு மிகத் திருப்தி தந்த எண் அதுதான்.

நோட்டில் எழுதியது

ஜூலை முழுக்க அப்படியே ஓட்டினேன். ஆலைக்குப் போய் இறங்கியதும் பாக்கெட் நோட்டில் இரண்டு வரி. இப்போது புரட்டிப் பார்க்கையில், நான் முதலில் போட்ட பட்டியலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

மூன்றாம் நாள்: மணிக்கட்டு மரத்துப்போகிறது, படப்பை தாண்டும்போது ஆரம்பம். ஆறாம் நாள்: முன்னால் போகும் டிப்பர் லாரி சிந்திய ஜல்லி, லைட்டில் தெரியவில்லை. ஒன்பதாம் நாள்: ஹெட்லைட்டை டிம் செய்தும் எதிரே வருபவர் எல்லோரும் டிப்பர் அடிக்கிறார்கள் (லைட்டை விட்டுவிட்டுக் காட்டி எச்சரிக்கிறார்கள்). பன்னிரண்டு: சாப்பாட்டுப் பை தோளில், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. பதினாறு: முதுகில் சேற்றுக் கோடு, கழுத்து வரை. பத்தொன்பது: மைலேஜ் 38. இருபத்திரண்டு: செயின் தளர்ந்துவிட்டது, பத்து நாளில் இரண்டாம் முறை. இருபத்தைந்து: பின்னால் வரும் லாரி எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்று கண்ணாடியில் தெரியவில்லை.

டேங்க்குக்கு ஸ்டிக்கர், அலங்கார இண்டிகேட்டர், யுஎஸ்பி சார்ஜர் என்று நான் ஆசைப்பட்டவை ஒன்றுகூட நோட்டில் வரவில்லை. ஆகவே வாங்கவும் இல்லை.

கழற்றியது

ஆகஸ்டில் வேலையை ஆரம்பித்தோம். முதல் பாதி முழுக்க ஒரிஜினலுக்குத் திரும்பப் போகும் வேலை.

இதில் சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் கொடுத்த அடிப்படை அமைப்பிலிருந்து விலகி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே வருஷத் திருத்தத்துக்குப் பிறகு, இப்படி மாற்றும் உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. அபராதம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த சைலன்சரோடு இரவு பன்னிரண்டு மணிக்கு எங்கள் தெருவுக்குள் நுழைந்த முதல் நாளே எதிர்வீட்டுக் கைக்குழந்தை அழுதது. அதன்பிறகு தெருமுனையிலேயே இன்ஜினை அணைத்துத் தள்ளிக்கொண்டு வருவேன்.

ஒரிஜினல் சைலன்சர், பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் கிடைத்தது. கூவம் ஓரம் அந்தச் சந்துகளில் காலையிலேயே போய்விட வேண்டும். பழைய சைலன்சர் வாங்கும்போது அடிப்பக்கத்தைத் தட்டிப் பாருங்கள். துரு உள்ளே தின்றிருந்தால் ஓசை தகரம்போல் வரும். முனையைக் கையால் மூடி மறுபக்கம் ஊதினால் ஓட்டை இருக்கிறதா என்று தெரிந்துவிடும். 1,800-க்கு முடிந்தது. ஏர் ஃபில்டர் பெட்டி, பின் மட்கார்டு, ஹேண்டில், இண்டிகேட்டர் எல்லாம் அங்கேயும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலுமாகச் சேர்ந்தன.

திறந்த ஃபில்டருக்கு ஏற்றபடி கார்புரேட்டரில், பெட்ரோல் இறங்கும் துளையான ஜெட்டைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். பெட்டியை மாட்டிவிட்டு ஜெட்டை அப்படியே விட்டிருந்தால் பிளக் கரியாகியிருக்கும். அண்ணன் ஒரிஜினல் அளவு ஜெட் போட்டு, எட்டு மாதம் நின்றதில் கிண்ணத்தில் படிந்த பிசினைக் கழுவி, பெட்ரோல் டியூபும் கேஸ்கட்டும் மாற்றினார். பெட்ரோலில் இப்போது எத்தனால் அதிகம்; பழைய கார்புரேட்டர் வண்டிகளின் ரப்பரை அது மெல்ல ஊறவைத்துக் கெடுக்கும். ஒரு வாரத்துக்கு மேல் வண்டி நிற்கப்போகிறது என்றால் கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவைத் தளர்த்திப் பெட்ரோலை வடித்துவிடுகிறேன்.

அடுத்த முழு டேங்க்கில் மைலேஜ் 51. மாதம் 1,200 கிலோமீட்டர் ஓட்டும் எனக்கு எட்டு லிட்டர் மிச்சம்; லிட்டர் 101 ரூபாய் கணக்கில் மாதம் 800 ரூபாய். பரணிலிருந்து வந்த செயின் கவரை மாட்டியதும், பத்து நாளைக்கொரு முறை இழுத்த செயினை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும் என்றாயிற்று. கவர் இல்லாத செயினில் எண்ணெய் போட்டால், ஒரகடம் சாலையின் புழுதி அதில் ஒட்டி உப்புத்தாள் ஆகிவிடுகிறது.

ஸ்டிக்கரை ஒரு ஞாயிறு முழுக்க ஹேர் ட்ரையரால் சூடாக்கி நானும் என் மகளும் உரித்தோம். அடியிலிருந்து ஆர்சியில் எழுதியிருக்கும் அந்த மெரூன் நிறமே வந்தது, பதினொரு வருஷ வெயில் படாத பளபளப்போடு. டேங்க்கின் விளிம்பில் மட்டும் ஸ்டிக்கருக்குள் தேங்கிய ஈரத்தால் துரு. சுரண்டி, ப்ரைமர் அடித்து, கிடைத்த நிறத்தால் தொட்டுவிட்டேன். கிட்டே போய்ப் பார்த்தால் தெரியும். எனக்கு அது போதும்.

சேர்த்தது

சேர்த்தது மூன்றே மூன்று: சீட், லைட், பின்னால் சாமான் வைக்க ஒரு பெட்டி.

சீட்டில் ஓட்டுபவர் உட்காரும் இடத்தை மகன் நாலு சென்டிமீட்டர் வெட்டித் தாழ்த்தியிருந்தான். தாழ்ந்த சீட்டும் தாழ்ந்த ஹேண்டிலுமாக உடம்பின் பாரம் முழுக்க மணிக்கட்டில் இறங்கியது. ஹேண்டிலை மட்டும் மாற்றியிருந்தால் பாதிதான் சரியாகியிருக்கும். ஆட்டோ சீட் தைக்கும் கடைக்குப் போனேன். மெத்தென்று வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் சம்மதிக்கவில்லை. மெத்தென்ற ஸ்பான்ஞ்சு கடையில் உட்காரும்போது சுகமாக இருக்கும், இருபதாவது நிமிஷத்தில் அமுங்கி அடித் தகடு தட்டும் என்றார். கெட்டி ஸ்பான்ஞ்சு கீழே, விரல் கனத்துக்கு மிருதுவானது மேலே. ரெக்சின் தையல் எங்கே வரவேண்டும் என்பதை நான் சொன்னேன்: உட்காரும் பரப்பில் ஒரு தையலும் கூடாது. மழைத் தண்ணீர் ஊசித் துளை வழியே இறங்கி ஸ்பான்ஞ்சில் நின்றுவிட்டால், வெயில் அடிக்கும் நாளிலும் பேண்ட் நனையும். பக்கவாட்டில் மட்டும் தைத்தார். 1,400 ரூபாய். இரண்டு தடவை உட்கார்ந்து பார்த்து, முன் பகுதியைக் கொஞ்சம் ஒடுக்கச் சொன்னேன். சிக்னலில் கால் ஊன்ற அது உதவுகிறது.

ஹெட்லைட்டில் வெள்ளை எல்இடி பல்பு போட்டிருந்தது. பார்க்கப் பிரகாசம். ஆனால் அந்தக் கிண்ணம், ஹாலோஜன் பல்பின் இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டு வளைத்தது. எல்இடியின் ஒளிப்புள்ளி வேறு இடத்தில் இருப்பதால் வெளிச்சம் சிதறி, எதிரே வருபவர் கண்ணில் பாதியும் மரத்தின் மேல் பாதியும் விழுகிறது. ஜல்லி கிடக்கும் தரையில் விழுவதில்லை. 60/55 வாட் பல்பு போடச் சிலர் சொன்னார்கள். வண்டியின் மின்சாரம் 35 வாட்டுக்கு அளவிட்டது. அதில் 60-ஐ எரித்தால் ஹோல்டர் உருகும். மங்கிய கிண்ணத்தை மாற்றி முழுப் புது ஹெட்லைட்டும் 35/35 வாட் ஹாலோஜனும் போட்டு, ஸ்விட்ச்சுக்குள் பச்சை பிடித்திருந்த செப்புத் தகடுகளை அண்ணன் உரசிச் சுத்தம் செய்தார்.

பிறகு நான் செய்ததுதான் உண்மையில் பலன் தந்தது. சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, நான் ஏறி உட்கார்ந்துகொண்டு, பல்பின் உயரத்தைச் சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் குறிக்கச் சொன்னேன். டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு ஐந்து சென்டிமீட்டர் கீழே விழும்படி திருப்பி முடுக்கினோம். ஆள் உட்காராமல் வைத்தால், உட்கார்ந்ததும் பின்பக்கம் அமுங்கி வெளிச்சம் மேலே ஏறிவிடும். அன்றிலிருந்து எதிரே யாரும் டிப்பர் அடிப்பதில்லை.

பெட்டி 30 லிட்டர், கேரியரோடு 2,300 ரூபாய். பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும் எடை முன் சக்கரத்தை லேசாக்கும். அதனால் டிபன், தண்ணீர், மழைக்கோட்டு, பஞ்சர் சாமான் என்று நாலு கிலோவுக்கு மேல் வைப்பதில்லை. பெட்டியின் பின்பக்கம் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டினேன். இரவில் லாரிக்காரருக்கு என்னைக் காட்டுவது டெயில் லைட்டைவிட அதுதான் என்று நினைக்கிறேன். சேலை கார்டைக் கழற்றிவிட்டால் வண்டி ஒல்லியாக அழகாக இருக்கும் என்று ஒரு நண்பர் சொன்னார். ஞாயிறு வீட்டுக்காரி பின்னால் உட்கார்ந்து கோயிலுக்கு வருவாள். பின் சக்கரத்தில் பாதியாவது மறைந்திருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. கார்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

முன் மட்கார்டின் அடியில் லாரி டியூப் ரப்பரை ஒரு சாண் வெட்டித் தொங்கவிட்டதைச் செலவில் சேர்க்கவில்லை. பஞ்சர் கடையில் சும்மா கொடுத்தார்கள். இன்ஜின் மேல் சேறு அடிப்பது அதோடு நின்றது.

மழைக்காலம்

நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. எங்கள் தெருவில் தண்ணீர், வண்டியின் கால் வைக்கும் கம்பி வரை நின்றது. வேலைக்குப் போக வேண்டிய நாள்தான். ஸ்டார்ட் செய்யவில்லை. ஏர் ஃபில்டர் வழியே தண்ணீர் உள்ளே போயிருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளிக்கொண்டுபோய் மேட்டில் நிறுத்தி, மறுநாள் பிளக்கைக் கழற்றிக் கிக்கரை மிதித்துப் பார்த்தேன், வெறும் காற்றுதான் வந்தது. எண்ணெயும் சுத்தம். பின் பிரேக் டிரம்முக்குள் மட்டும் வண்டல் புகுந்திருந்தது, பிரித்துக் கழுவினோம். அந்த வாரம் எங்கள் தெருவில் மூன்று வண்டிகள் இன்ஜின் பிரிக்கப் போயின.

கணக்கும் இன்றைய நிலையும்

வண்டி 36,500. பேப்பர் 2,300. டயர், பிரேக், கோன் செட், ஃபோர்க் சீல், செயின் செட், பேட்டரி, கார்புரேட்டர் என்று தேய்ந்ததை மாற்றியதற்கும் கூலிக்கும் 13,900. பழைய அலங்காரத்தைத் திரும்ப ஒரிஜினலுக்குக் கொண்டுவர 4,430. சீட், லைட், பெட்டி மூன்றுக்கும் 4,950. மொத்தம் 62,080. நினைத்ததைவிட இரண்டாயிரம் கூடுதல். உறுமும் சைலன்சரை வாங்கிக்கொள்ள ஆள் இருந்தது. விற்க மனமில்லை, எடைக்குப் போட்டேன்.

2025 மே வரை 13,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். சாலையில் ஒரு முறைகூட நின்றதில்லை. இரண்டு பஞ்சர் தவிர. மணிக்கட்டு வலி போய்விட்டது. காலையில் வரும் அந்த நீலப் புகை இன்னும் இருக்கிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 150 மில்லி எண்ணெய் குறைகிறது. மாதம் இரு முறை பார்த்து ஊற்றிக்கொள்கிறேன். வால்வு சீல் மாற்றச் சிலிண்டர் ஹெட்டைத் திறக்க வேண்டும். "தெறக்கறதுன்னா ரிங்கையும் சேத்துப் போட்டுடலாம் தம்பி. இப்ப வேணாம், மழைக்கு முன்னாடி செப்டம்பர்ல வா" என்றார் அண்ணன். அதற்காக மாதம் மிச்சமாகும் அந்த 800 ரூபாயைத் தனி உறையில் போட்டுவைக்கிறேன்.